முன்சக்கரத்தில் கட்டிய பனியன் துணி

ஒயர் தொங்குவதை முதலில் பார்த்தது நான்தான். குண்டடத்தில் மாமா வீட்டு விசேஷம் முடிந்து கிளம்பும்போது, செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தேன். காரின் இடதுபக்க முன்சக்கரத்துக்குப் பின்னால், பென்சில் கனத்தில் ஒரு கறுப்பு ஒயர் வளைந்து தொங்கியது. அதைப் பிடித்து வைத்திருந்த பிளாஸ்டிக் கொக்கி உடைந்திருந்தது. வரும் வழியில் சாக்கடைக்குத் தோண்டிப் போட்டிருந்த பள்ளத்தில் அடிபட்டிருக்க வேண்டும்.

வழியனுப்ப மாமா, அத்தை, பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் வாசலில் நின்றிருந்தார்கள். அதுவரை அந்த வீட்டுக்கு பஸ்ஸில் போய் பஸ்ஸில் திரும்பியவர்கள் நாங்கள். அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்ததில்லை. அப்பாவுக்கு நிட்டிங் மில்லில் நிரந்தர இரவு ஷிஃப்ட், பகலில் தூங்குவார். அம்மா ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். தைத்து வரும் துணியில் ஓட்டையும் கறையும் தேடும் வேலை. நான் பி.காம். முடித்துவிட்டு ஓர் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கும் எங்கள் கம்பெனிக்கும் நடுவில் நின்று, ஆர்டர் வந்தது முதல் சரக்கு கப்பலேறும் வரை பதில் சொல்ல வேண்டியவள். அந்தச் சம்பளத்தில் யாரிடமும் கை நீட்டாமல் வாங்கிய செகண்ட் ஹேண்ட் கார் அது. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதில் ஓர் ஒயர் தொங்குவது எனக்குப் பிடிக்கவில்லை.

டிக்கியைத் திறந்தேன். திருப்பூரில் எந்த வண்டியின் டிக்கியிலும் ஒரு பை கட்டிங் வேஸ்ட் கிடக்கும். துணி வெட்டும் மேசையில் மிஞ்சும் துண்டுகள். கண்ணாடி துடைப்பதும் அதில்தான், கட்டுவதும் அதில்தான். பீஸ் பண்டல், தண்ணீர்க் குழாய், ஆடும் கேட், முருங்கைக்காய்க் கட்டு என்று இந்த ஊரில் எதைப் பார்த்தாலும் ஒரு பனியன் துணி முடிச்சு இருக்கும். நீளமான துண்டு ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் இழுத்தேன். பனியன் துணி இழுத்தால் தானாகவே சுருண்டு கயிறு போல ஆகிவிடும். உள்ளே கையை விட்டு, ஒயரை மேலே தூக்கி, பக்கத்தில் இருந்த கம்பியோடு சேர்த்து இரண்டு முடிச்சுப் போட்டேன்.

மாமா அருகில் வந்து, “என்ன அம்மிணி, வண்டி மக்கர் பண்ணுதா?” என்றார்.

“இல்லீங் மாமா. ஒரு ஒயருதானுங்க. கட்டீட்டேன்.”

அம்மா முன் சீட்டில் உட்கார்ந்தபடி எல்லாருடைய முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். நானும் பார்த்தேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

அதன்பிறகு மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும் என்று நினைத்தது உண்டு. ஷிப்மென்ட் நேரம்; நினைப்போடு போய்விட்டது. பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் கம்பெனிக் கார்கள் வழக்கமாகப் போகும் வாட்டர் வாஷுக்கு வண்டியை விட்டேன். பளபளவென்று கழுவிக் கொடுத்தார்கள்.

மறுநாள் திங்கட்கிழமை காலை, அம்மாவை அவர் கம்பெனியில் இறக்கிவிடுவதற்காகக் கூட்டிக்கொண்டு போனேன். மேம்பாலத்தை விட்டு இறங்கும்போது கீழே சிக்னல் விழுந்திருந்தது. எனக்கு முன்னால் ஒரு மொபெட். பின்சீட்டில் ஆள் உயரத்துக்கு பனியன் பண்டல். வேகம் அதிகமில்லை. வழக்கம்போல பிரேக்கில் கால் வைத்தேன். பெடல் காலுக்கடியில் கரகரவென்று துடித்தது. வண்டி நிற்கவில்லை. இன்னும் அழுத்தினேன். அது என் காலைத் திருப்பித் தள்ளியது. பண்டல் கண்ணாடி முழுக்கப் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்த பிறகுதான் நின்றது. பண்டலுக்கும் என் பம்பருக்கும் நடுவில் ஒரு சாண் இருந்திருக்கும். மொபெட்காரர் திரும்பிப் பார்த்தார். அம்மாவின் தூக்குப்போசி கவிழ்ந்து ரசம் சீட்டெல்லாம் ஓடியது.

“ஏங்கண்ணு, பிரேக்குப் புடிக்கலையா?” என்றார் அம்மா.

“புடிச்சுதும்மா. நீ கெட்டியாப் புடிச்சு உக்காரு.”

சிக்னல் பச்சையாகி வண்டி நகர்ந்ததும் டாஷ்போர்டில் மூன்று விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. ஏபிஎஸ் என்று எழுதிய மஞ்சள் விளக்கு. கார் வழுக்குவது போல வளைந்த கோடுகள் போட்ட இன்னொரு மஞ்சள் விளக்கு. ஆச்சரியக்குறி போட்ட சிவப்பு விளக்கு. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் சிவப்பு தெரியும். அவர் அதைப் பார்ப்பதை நான் பார்த்தேன்.

கம்பெனி பார்க்கிங்கில் உட்கார்ந்து வண்டியோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். படித்துப் புரிந்துகொள்ள முடியாத விஷயம் ஒன்று உண்டு என்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. சக்கரம் ஒவ்வொன்றின் வேகத்தையும் ஒரு சென்சார் அளக்கிறது. அந்தக் கணக்கை வைத்துத்தான் சடன் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமலும், ஈரத்தில் வண்டி வழுக்காமலும் பார்த்துக்கொள்கிறது. விளக்கு எரிந்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை என்று பொருள். சிவப்பும் சேர்ந்து எரிந்தால் வண்டியை ஓட்டாமல் உடனே காட்ட வேண்டும். புத்தகத்தை மூடிவிட்டு இறங்கி முன்சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பார்த்தேன். நான் கட்டிய துணி அங்கே இல்லை. எங்கேயோ அவிழ்ந்து விழுந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். அதற்கு மேல் கையை விட்டுத் தேடிப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சர்வீஸ் சென்டருக்கு மெதுவாக ஓட்டிப் போனேன். வழி நெடுக முன்னால் போகிறவர்களிடமிருந்து இரண்டு வண்டி இடம் விட்டேன். அந்த இடத்தில் எல்லாரும் புகுந்தார்கள். அங்கே ஒரு கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, ஏபிஎஸ் மாட்யூலையே மாற்ற வேண்டியிருக்கும், நாற்பத்தாறாயிரம் ஆகும், நான்கு நாள் வண்டியை விட வேண்டும் என்றார்கள். நான் கேட்டதும் எஸ்டிமேட்டை அச்செடுத்துக் கொடுத்தார்கள். காரணம் என்ன என்று கேட்டேன். கவுன்டரில் இருந்தவர், ஈரம் ஏறியிருக்கலாம், சமீபத்தில் வாட்டர் வாஷ் செய்தீர்களா என்று கேட்டார்.

செய்தேன் என்றேன். துணி கட்டியதைச் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. சரக்கில் பழுது வந்தால், அந்த நஷ்டத்தை யார் தலையில் எழுதுவது என்பதுதான் முதல் வேலை. சாயத்தில் திட்டு விழுந்தால் சாயப்பட்டறைக்கு டெபிட் நோட். பிரின்ட் உரிந்தால் பிரின்டிங் யூனிட்டுக்கு டெபிட் நோட். யாருடைய தவறு என்று தெரியவில்லையா, கடைசியாக யார் கை பட்டதோ அவருக்கு. டெபிட் எழுதுவதில் எங்கள் ஆபீசில் எனக்கு நல்ல பெயர். எதிராளி மறுத்துப் பேச முடியாதபடி தேதி, படம், பில் எல்லாம் கோத்து வைப்பேன். காருக்கும் அப்படியே கோத்தேன். ஞாயிற்றுக்கிழமை வாஷ் பில், திங்கட்கிழமை விளக்குகளின் படம், செவ்வாய்க்கிழமை எஸ்டிமேட். பலத்த தண்ணீர் அடித்தால் சக்கர சென்சார் பழுதாகும் என்று இணையத்தில் படித்ததையும் அச்செடுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை மதியம் வாட்டர் வாஷுக்குப் போனேன். முதலாளி ஐம்பது வயதுக்காரர். முன்பு சொந்தமாக பனியன் யூனிட் வைத்திருந்தவர். நாற்காலி போடச் சொல்லி, மோர் வரவழைத்து, நான் நீட்டிய காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நாற்பத்தாறாயிரத்தைப் பார்த்ததும் காகிதத்தை மடியில் வைத்துவிட்டார்.

“தண்ணி அடிச்சாப் போறதுன்னா ஊர்ல ஒரு வண்டி ஓடாதுங்களே அம்மிணி” என்றார்.

எங்கள் கம்பெனியிலிருந்து ஐந்து கார்கள் அவரிடம் வருகின்றன, எதை எங்கே அனுப்புவது என்பதை அட்மின் என்னிடமும் கேட்பார்கள் என்று நான் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தாமல் சொன்னால்தான் அது வேலை செய்யும் என்று எனக்குத் தெரியும்.

அவர் என் வண்டியைக் கழுவியவரைக் கூப்பிட்டார். நாற்பதைத் தாண்டிய மனிதர், உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். முழங்கால் வரை ஈரம். காலில் பிளாஸ்டிக் செருப்பு. விஷயத்தைக் கேட்டுவிட்டு நேராக என்னிடம்தான் பேசினார்.

“சக்கரத்துக்குப் பின்னால ஒயருல பனியன் துணி கட்டியிருந்துச்சு தாயி. நான் அதத் தொடவே இல்ல. அந்தப் பக்கம் தண்ணியக் கூடக் கம்மியாத்தான் விட்டேன்.”

முதலாளி என்னைப் பார்த்தார். அந்த இடத்தில் ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் அதிகம்தான். ஆனால் கழுவியவர் என்னிடமிருந்து இரண்டடி தூரத்தில் நின்று சொன்னார். ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது.

“துணியா? எந்தத் துணி?” என்றேன்.

அவர் வாயைத் திறந்து, முதலாளியின் முகத்தைப் பார்த்து, மூடிக்கொண்டார். முதலாளி காகிதங்களை மடித்துக் கொடுத்துவிட்டு, ஐயாயிரம் தருகிறேன், அதற்கு மேல் என்னால் ஆகாது என்றார். பிறகு எனக்கு ஆறுதல் சொல்வது போல, “இவன் சம்பளத்துல வாராவாரம் புடிச்சுக்கறனுங்க. இந்தச் சனிக்கெழமையே ஆரம்பிச்சுர்றேன். அப்பத்தான் அடுத்த வண்டிக்குப் பதனமா இருப்பான்” என்றார்.

சரிங்க என்று சொல்லிவிட்டு எழுந்தேன். மோரை முழுவதும் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன். அது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. செக்கிங்கில் அவர் பார்த்து அனுப்பிய துணியில் பிறகு ஓட்டை தென்பட்டால், அது பேக்கிங்கில் கிழிந்ததோ எதுவோ, அவர் கூலியில்தான் கழிப்பார்கள். இருபது வருடமாக அப்படிக் கழித்திருக்கிறார்கள். எதிர்த்துக் கேட்க அவருக்குக் கணக்கும் தெரியாது, எழுத்தும் தெரியாது. இப்போது மகள் போய் உட்கார்ந்து ஒரு முதலாளியிடம் பணம் கறந்து வருகிறாள். அடுத்த வீட்டில் போய் அம்மா அதைச் சொல்லும் குரல் எனக்கு இங்கே கேட்டது. ஐயாயிரத்தை இருபதாயிரம் ஆக்கிவிட்டார்.

ஆனாலும் மீதி நாற்பத்தோராயிரம் என்னிடம் இல்லை. ஆபீஸ் டிரைவர் ஒருவர், நம்மூர் ராயபுரத்தில் ஒரு பாய் இருக்கிறார், காருக்கு ஒயரிங் மட்டும் பார்ப்பவர், மாட்யூலை மாற்றும் முன் அவரிடம் ஒருமுறை காட்டுங்கள் என்றார். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன்.

அவர் கருவியை மாட்டவில்லை. விளக்குகளைப் பார்த்தார், எந்தச் சக்கரம் என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். “இடது முன்பக்கம்” என்று வாயில் வந்துவிட்டது. எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. ஜாக்கி போட்டு, சக்கரத்தைக் கழற்றி, டார்ச்சை அடித்தார். பிறகு இடுக்கியால் எதையோ பிடித்து இழுக்க ஆரம்பித்தார். அது வந்துகொண்டே இருந்தது. சக்கரத்துக்குப் போகும் இரும்புத் தண்டைச் சுற்றி இறுக்கமாக, கிரீஸில் ஊறிக் கறுத்து, அடி அடியாக என் பனியன் துணி வந்தது. அதன் நடுவில் சென்சார் ஒயர் இரண்டாக அறுந்து மாட்டியிருந்தது.

“துணி தொய்ஞ்சு, சக்கரம் சுத்தறப்ப இழுத்துக்கிச்சு” என்றார். “ஒயரு கொஞ்சங் கொஞ்சமா அறுந்திருக்கும். அப்பத் தப்புத் தப்பா கணக்கு அனுப்பும். பிரேக்கு அமுக்குனா ஒதறியிருக்குமே?”

“ஒதறுச்சுங்க பாய்.”

“முழுசா அறுந்ததும் லைட்டு. மாட்யூலெல்லாம் நல்லாத்தாம்மா இருக்குது. சென்சாரும் ஒயரும் போட்டாப் போதும். கூலியோட நாலாயிரத்து முந்நூறு.”

நாற்பத்தாறாயிரம் நாலாயிரத்து முந்நூறு ஆனதற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வேறு ஒரு கேள்விதான் இருந்தது. தண்ணீர் பட்டதால்தானே துணி தொய்ந்திருக்கும் என்று கேட்டேன். அவர் இடுக்கியைத் துடைத்துக்கொண்டே, மழை பெய்தாலும் தொய்யும், சும்மா விட்டாலும் லைக்ரா துணி இழுபடத்தான் செய்யும் என்றார். பிறகு, “பண்டல் கட்டற துணிய சக்கரத்துக்கிட்டக் கட்டலாங்களா?” என்றார். திட்டவில்லை. விசாரிப்பது போலத்தான் கேட்டார். இந்த ஊரில் பாதிப் பேர் இதைச் செய்வார்கள், வாரத்துக்கு ஒன்று தன்னிடம் வருகிறது என்றும் சொன்னார்.

மதியத்துக்கு மேல் வண்டி தயாரானது. விளக்கு உடனே அணையவில்லை. கொஞ்ச தூரம் ஓட்டினால் சக்கரக் கணக்கு சரியாக வருகிறதா என்று வண்டியே பார்த்துவிட்டு அணைக்கும் என்றார் பாய். மூன்று விளக்குகளோடு கிளம்பினேன். முதல் சந்து தாண்டி வேகம் கூடியதும் மூன்றும் ஒன்றாக மறைந்தன. கண் கூசும் வெயிலில் டாஷ்போர்டு வெறுமையாக இருந்தது. நாளை சனிக்கிழமை என்பது மட்டும் மனதில் ஓடியது.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். துணி கட்டியது அவருக்கும் தெரியும், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்தானே. அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

“தண்ணி அடிச்சுத்தான அவுந்துச்சு? அப்ப அவன் தப்புந்தான்” என்றார்.

“அப்படி இல்லம்மா. நாங் கட்டுனது.”

“நீ போயி அவனுக முன்னால நின்னு, தப்பு என்துங்கன்னு சொல்லப் போறயா? படிச்ச புள்ளைன்னு ஒருத்தனும் உன்ன எதுத்துப் பேசல. நாளைக்கிருந்து பேசுவான்.” கீரைத் தண்டை ஒடித்துப் போட்டார். “எங்கூலியில புடிச்சப்ப எவன் வந்து, இது என் தப்புங்க, குடுத்துருங்கன்னு சொன்னான்?”

யாரும் வந்து சொன்னதில்லை என்பது உண்மை. பேசாமல் விட்டுவிட முடியும் என்பதும் உண்மை. ஐயாயிரத்தை வாங்கி, ராயபுரத்துச் செலவு போக எழுநூறு ரூபாய் லாபத்தோடு முடித்துவிடலாம். இரவு முழுக்க எனக்குள் நானே டெபிட் நோட் எழுதிக்கொண்டும் அடித்துக்கொண்டும் இருந்தேன். தண்ணீர்தான் காரணம் என்று எழுத முடிந்தது. “எந்தத் துணி?” என்று நான் கேட்டதைத்தான் எதிலும் சேர்க்க முடியவில்லை.

சனிக்கிழமை இந்த ஊருக்குச் சம்பள நாள். மூன்று மணிக்கு நான் போனபோது வாட்டர் வாஷில் ஆட்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். மேசைமேல் பணம். உசிலம்பட்டிக்காரர் வாங்கிய பணத்தை எண்ணாமல் கையிலேயே வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். அவருக்குக் கழித்தாகிவிட்டது.

முதலாளி எழுந்து, “வாங்க அம்மிணி, உங்க பணமும் எடுத்து வெச்சிருக்கறனுங்க” என்றார்.

நின்றுகொண்டே சொன்னேன். ஒயர் அறுந்ததற்குக் காரணம் தண்ணீர் இல்லை. நான் கட்டிய துணி சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. கழுவியவர் மேல் தவறில்லை. எனக்குப் பணம் வேண்டாம். அவரிடம் பிடித்ததைக் கொடுத்துவிடுங்கள். மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். அதனால் வேகமாக முடிந்துவிட்டது.

முதலாளி சிரித்தார். சங்கடத்தில் வந்த சிரிப்பு. “விடுங்க அம்மிணி, இதுக்குப் போயி நேர்ல வரோணுமா, ஒரு போன் பண்ணியிருந்தா நானே குடுத்திருப்பேன்” என்று சொல்லிக்கொண்டே அந்த வாரம் பிடித்து வைத்திருந்த மூன்று ஐந்நூறு ரூபாய்த் தாள்களை எடுத்து அந்த மனிதரிடம் நீட்டினார். குரலைத் தாழ்த்தி, கம்பெனி வண்டிகளெல்லாம் வழக்கம்போல வரும்தானே என்று என்னிடம் கேட்டார். வரும் என்றேன்.

அந்த மனிதர் பணத்தை வாங்கி மற்றதோடு சேர்த்து மடித்தார். பிறகு என்னிடம் வந்தார். வரிசையில் நின்றவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அன்னைக்குத் துணி கட்டியிருந்துச்சுன்னு சொன்னேன்ல. அது உங்களுக்குக் கேட்டுச்சா, கேக்கலையா?”

மோட்டார் சத்தம் என்று சொல்லியிருக்கலாம். அவரே அந்த வழியை எனக்கு விட்டு வைத்தது போலத்தான் இருந்தது.

“கேட்டுதுங்க” என்றேன்.

“அப்பவே உங்களுக்குத் தெரியும்?”

“தெரியுமுங்க.”

அவர் தலையை ஆட்டினார். கோபம் எதுவும் முகத்தில் தெரியவில்லை. என் கைப்பையில் அவருக்கென்று தனியாக ஆயிரம் ரூபாய் வைத்திருந்தேன். அதை எடுக்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

“நல்லது தாயி. இனி உங்க வண்டி வந்தா வேற ஆளு கழுவட்டும். நான் தொட மாட்டேன்” என்றார்.

முதலாளி அவரை அதட்ட வாயெடுத்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். என் வண்டி வழியை அடைத்துக்கொண்டு நின்றது. பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்தது. நான் ஏறி, வண்டியைப் பின்னுக்கு எடுத்து, அதற்கு வழி விட்டேன். அவர் செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு குழாயை எடுத்து அந்த வேனை நோக்கி நடந்தார்.